கணினிக் கேள்வி பதில்: லூப்பை எப்படி எழுதுவது?

இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வலை நிரலாக்கத்தில் லூப், அதாவது ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் சுற்று, எழுதுவதைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இந்தப் பக்கங்களை அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே சந்தேகத்தை வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்த கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் ஓர் அணியின் (பல மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் பட்டியலின்) உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதற்கு ஃபோர், ஃபோர்-இன், ஃபோர்-ஒஃப், ஃபோர்ஈச், மேப் என்று பல வழிகள் இருக்கின்றன. எண்ணைக் கூட்டிக்கொண்டு போகும் பழைய ஃபோர்தான் மிக வேகமானது என்று சிலர் சொல்கிறார்கள். அது பழைய பாணி, இப்போது எல்லாவற்றுக்கும் ஃபோர்ஈச் எழுத வேண்டும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நான் எதைப் பின்பற்றுவது?
(கணினி விஞ்ஞான மாணவி, திருகோணமலை வளாகம், கோணேசபுரி)

பதில்: இரு தரப்பினரும் லூப்பின் முதல் வரியைப் பற்றியே வாதிடுகிறார்கள். ஆனால் வேகம் பெரும்பாலும் சுற்றுக்குள் நடக்கும் வேலையையும், அந்த வேலை எத்தனை முறை நடக்கிறது என்பதையும் பொறுத்தே அமைகிறது. முதல் வரியின் பயன் வேறு: நாளை அந்த நிரலைத் திறந்து பார்ப்பவருக்கு உங்கள் நோக்கத்தை அது உடனே சொல்லிவிட வேண்டும். எனவே எது புதியது என்று பாராமல், எது உங்கள் நோக்கத்தைச் சரியாகச் சொல்கிறது என்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

இந்த வழிகள் எல்லாம் ஒரே காலத்தில் வந்தவை அல்ல. 1995 இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், சி மொழியைப் பின்பற்றிய ஃபோர், வைல் ஆகியவற்றோடு ஃபோர்-இன்னும் இருந்தது. 2009 டிசம்பரில் வெளியான அம்மொழியின் ஐந்தாம் பதிப்புத் தரநிலை ஃபோர்ஈச், மேப், ஃபில்டர், ரெடியூஸ், சம் (some), எவ்ரி போன்ற செயற்கூறுகளை (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டுகளை) அணிகளுக்கு வழங்கியது. 2015 இன் பதிப்பு ஃபோர்-ஒஃப்பையும் ஃபைண்டையும் சேர்த்தது. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காகவே சேர்க்கப்பட்டது என்பதால், அந்தத் தேவையை அறிந்துகொண்டால் தெரிவு எளிதாகிவிடும்.

நிலாவெளியிலுள்ள விடுதிகளின் பட்டியல் ஓர் அணியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு 15,000 ரூபாய்க்குக் குறைவான விடுதிகள் மட்டும் வேண்டுமென்றால் ஃபில்டர் பொருந்தும். எல்லா விடுதிகளினதும் பெயர்கள் மட்டும் கொண்ட புதிய அணி வேண்டுமென்றால் மேப் பொருந்தும். குறித்த எண்ணுடைய ஒரு விடுதியை மட்டும் தேடுவதானால் ஃபைண்ட் பொருந்தும். அது விடை கிடைத்த இடத்திலேயே நின்றுவிடும் என்பதால் மிச்சப் பட்டியலைப் பார்க்கும் வேலையும் இல்லாமற்போகிறது. ஒவ்வொரு விடுதிக்கும் ஏதோ ஒரு செயலைச் செய்யவேண்டும், தேவையானால் பாதியில் நிறுத்தவும் வேண்டும் என்றால் ஃபோர்-ஒஃப் மிகவும் தெளிவானது. உறுப்பின் இட எண் தேவைப்படும்போதும், பின்னிருந்து முன்னாகப் போகும்போதும், ஒன்று விட்டு ஒன்றாகத் தாண்டும்போதும் பழைய ஃபோரே இன்றும் பொருத்தமானது. அதை எழுத யாரும் தயங்க வேண்டியதில்லை.

தவிர்க்க வேண்டிய பழக்கங்கள் சில உண்டு. மேப் திருப்பித் தரும் புதிய அணியை யாரும் பயன்படுத்தாதபோது மேப் எழுதுவது வாசிப்பவரைத் தவறான திசையில் அனுப்பும். ஃபோர்ஈச்சுக்குள், சுற்றைப் பாதியில் நிறுத்தும் பிரேக் எழுத முடியாது. அங்கே ரிட்டர்ன் எழுதினால் அந்த ஓர் உறுப்புக்கான வேலை மட்டும் முடியும், சுற்று தொடரும். அணிகளுக்கு ஃபோர்-இன் வேண்டவே வேண்டாம். அது தருவது உறுப்பை அன்று, உறுப்பு இருக்கும் இடத்தைக் குறிக்கும் சாவியை. அந்தச் சாவியும் எண்ணாக இராமல் எழுத்துச் சரமாக இருப்பதால், பூச்சியத்தோடு ஒன்றைக் கூட்டினால் 1 வருவதற்குப் பதிலாக 01 என்ற சரம் வரும். போதாததற்கு, வேறு எவராவது அணிகளின் பொது மூலத்தில் சேர்த்துவைத்த பண்புகளும் அந்தச் சுற்றுக்குள் நுழைந்துவிடலாம்.

சில நூறு உறுப்புகளுக்கு இந்த வடிவங்களின் வேக வித்தியாசத்தை எந்த மனிதராலும் உணர முடியாது. இலட்சக்கணக்கான உறுப்புகள் என்றால், உலாவியிலேயே இருக்கும் பெர்ஃபோர்மன்ஸ் பகுதியில் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதைவிட உடனடிப் பயன் தருவது பெயரிடுதல்: அணிக்கு விடுதிகள் என்று பன்மையிலும், சுற்றில் வரும் ஒன்றுக்கு விடுதி என்று ஒருமையிலும் பெயர் வைத்தாலே பாதி விளக்கம் முடிந்துவிடும்.

கேள்வி: அணியின் நீளத்தை ஒவ்வொரு சுற்றிலும் கேட்பது வீண்வேலை, அதை முதலிலேயே ஒரு மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று படித்தேன். அவசியமா?
(வாசகர், உவர்மலை)

பதில்: சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் அணிக்கு அவசியமில்லை. நீளம் அணியோடு சேர்த்தே வைக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்கப்படுவதில்லை. சேவையகத்தில் இயங்கும் பிஎச்பி மொழியின் கவுண்ட் செயற்கூறும் அவ்வாறே சேமித்துவைத்த எண்ணைத்தான் தருகிறது. நிபந்தனையில் உண்மையாகவே ஒரு கணக்கு இருந்தால், உதாரணமாகப் பக்கத்தில் தேடி எடுக்கும் வேலையோ வடிகட்டும் வேலையோ அங்கே நடந்தால், அதைக் கட்டாயம் வெளியே எடுங்கள்.

கேள்வி: நிலாவெளியில் உள்ள சில விருந்தினர் விடுதிகளுக்காகப் பிஎச்பியில் ஒரு முன்பதிவுத் தளம் செய்திருக்கிறேன். திமிங்கிலம் பார்க்கவும் புறாத்தீவுக்குப் போகவும் ஆட்கள் வரும் மாதங்களில் அறைப் பட்டியல் பக்கம் மிகவும் மெதுவாகத் திறக்கிறது. சுற்றில் இருப்பவை 40 அறைகள்தான். ஒவ்வொரு அறைக்கும் அதன் முன்பதிவுகளைத் தரவுத்தளத்தில் கேட்டு வாங்கிக் காட்டுகிறேன். பிஎச்பியின் ஃபோரீச் சுற்றை ஃபோராக மாற்றிப் பார்த்தும் பயனில்லை.
(வாசகர், உப்புவெளி)

பதில்: ஃபோரீச்சை மாற்றிப் பயன் கிடைக்காதது இயல்பே. மெதுவுக்கான காரணம் உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்திய வாக்கியத்தில் இருக்கிறது: ஒவ்வொரு அறைக்கும் தரவுத்தளத்தைக் கேட்கிறீர்கள். அறைகளின் பட்டியலுக்கு ஒரு வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு கேள்வி), பிறகு அறைக்கு ஒன்றாக 40 வினவல்கள், ஆக மொத்தம் 41. மூதூரிலிருந்து திருகோணமலைச் சந்தைக்கு 40 மூட்டை அனுப்ப வேண்டியவர் படகை 40 முறை ஓட்டி, முறைக்கு ஒரு மூட்டை ஏற்றினால், நேரம் மூட்டையின் பாரத்தில் போவதில்லை, கடலைக் கடப்பதில்தான் போகிறது. தரவுத்தளம் வேறொரு இயந்திரத்தில் இருந்து, போய்வர 30 மில்லிசெக்கன் ஆகிறதென்றால், 40 தடவைக்கு 1,200 மில்லிசெக்கன். அதாவது, எந்தக் கணக்கும் செய்யாமலே ஒரு செக்கனுக்கு மேல் காத்திருப்பிலேயே கழிகிறது. உங்கள் சொந்தக் கணினியில் சோதிக்கும்போது இரண்டும் ஒரே இயந்திரத்தில் இருப்பதால் இது கண்ணில் படுவதில்லை.

திருத்தம் இதுதான். முதல் வினவலில் அறைகளை எடுங்கள். அவற்றின் எண்களைச் சேர்த்து, அந்த எண்களுக்குள் அடங்கும் முன்பதிவுகள் அனைத்தையும் ஒரே வினவலில் எடுங்கள். தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லில் இதற்கு இன் என்ற பகுதி இருக்கிறது. பிறகு தரவுத்தளத்தைத் தொடாத ஒரு சிறு சுற்றில், அறை எண்ணைச் சாவியாகக் கொண்ட ஓர் அணியில் முன்பதிவுகளைப் பிரித்து வையுங்கள். காட்டும் சுற்று அந்த அணியிலிருந்து எடுத்துக்கொள்ளும். வினவல்கள் 41 இலிருந்து 2 ஆகக் குறையும். அறைகள் 400 ஆனாலும் அவை இரண்டாகவே இருக்கும். இரு அட்டவணைகளை இணைக்கும் ஜொயின் மூலம் ஒரே வினவலாகவும் ஆக்கலாம். ஆனால் ஓர் அறைக்குப் பல முன்பதிவுகள் இருந்தால் அறையின் விபரம் திரும்பத் திரும்ப வரும் என்பதால், நான் இரண்டு வினவல் முறையையே விரும்புகிறேன். வாசிப்பதற்கும் அது எளிது.

லாரவெல் போன்ற பிஎச்பி சட்டகங்களை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) பயன்படுத்துவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே அறையின் முன்பதிவுகள் என்று எழுதும் ஒரு சிறு சொற்றொடருக்குப் பின்னால் ஒரு வினவல் ஒளிந்திருப்பதால், சுற்றுக்குள் தரவுத்தளம் அழைக்கப்படுவது நிரலைப் பார்த்தால் தெரியாது. பட்டியலை எடுக்கும்போதே வித் என்ற செயற்கூறில் உறவின் பெயரைச் சொல்லிவிட்டால், மேலே சொன்ன இரண்டு வினவல் முறையை அது தானே செய்துகொள்ளும்.

தரவுகளை உள்ளே செலுத்தும் சுற்றுகளுக்கும் இதே கவனம் தேவை. வினவலைத் தயார் செய்யும் பிரிப்பேர் வரியைச் சுற்றுக்கு வெளியே ஒரு முறை எழுதி, உள்ளே எக்ஸிகியூட்டை மட்டும் அழையுங்கள். முழுச் சுற்றையும் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது எல்லாம் சேர்ந்து ஒரே தடவையில் உறுதியாகும் தொகுதிக்குள், அடக்குங்கள். இல்லாவிட்டால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் தன் வழமையான அமைப்பில் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக உறுதிசெய்து வட்டில் எழுதும். ஆயிரம் பதிவுகளில் அந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே காணலாம்.

கேள்வி: சுற்று எப்போதும் ஒன்று கூடவோ ஒன்று குறைவாகவோ ஓடிவிடுகிறது. இதைத் தவிர்க்க ஒரு நிலையான முறை உண்டா?
(உயர்தர மாணவர், திருகோணமலை நகரம்)

பதில்: உண்டு. கன்னியாவில் இருக்கும் ஏழு வெந்நீர்க் கிணறுகளின் வெப்பநிலைகளை ஓர் அணியில் வைத்தால், இட எண்கள் 0 இலிருந்து 6 வரை அமையும். சுற்றைப் பூச்சியத்தில் தொடங்கி, நீளத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை என்று எழுதுங்கள். சிறியது அல்லது சமம் என்று எழுதினால் இல்லாத எட்டாவது கிணற்றைக் கேட்பீர்கள், ஜாவாஸ்கிரிப்டும் பிழை காட்டாமல் அன்டிஃபைன்ட் என்ற வெற்று மதிப்பைத் தந்துவிட்டுப் போய்விடும். தொடக்கத்தைச் சேர்த்து முடிவைச் சேர்க்காமல் எல்லையை எழுதுவதன் நன்மையை நெதர்லாந்தின் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982 இல் ஒரு குறிப்பில் விளக்கியிருக்கிறார். அவ்வாறு எழுதினால், முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் கிடைப்பதே உறுப்புகளின் எண்ணிக்கை. ஒரு பகுதி முடியும் எண்ணிலேயே அடுத்த பகுதி தொடங்கும். வெறுமையான பகுதியையும் இயல்பாகச் சொல்ல முடியும். அணியின் ஒரு பகுதியை எடுக்கும் ஸ்லைஸ் செயற்கூறும் இந்த மரபைத்தான் பின்பற்றுகிறது. இட எண் தேவையில்லாத இடங்களில் ஃபோர்-ஒஃப் எழுதினால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை.

கேள்வி: பாடசாலைப் புள்ளிகளைக் காட்டும் பக்கத்தில் ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்றும், அதற்குள் மூன்று இஃப்களும் வந்துவிட்டன. 600 மாணவர்கள், ஒவ்வொருவருக்கும் 9 பாடங்கள். மெதுவாகவும் இருக்கிறது, எனக்கே விளங்காமலும் இருக்கிறது.
(ஆசிரியர், கிண்ணியா)

பதில்: உங்கள் இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றே. புள்ளிப் பதிவுகள் 600 ஐ 9 ஆல் பெருக்கினால் 5,400. ஒவ்வொரு மாணவருக்கும் அந்த 5,400 பதிவுகளையும் தொடக்கத்திலிருந்து தேடினால், 32,40,000 ஒப்பீடுகள் நடக்கின்றன. மாறாக, முதலில் பதிவுகளை ஒரே ஒரு முறை கடந்து, மாணவர் சுட்டெண்ணைச் சாவியாகக் கொண்ட மேப் பொருளில் (முன்பு சொன்ன மேப் செயற்கூறு அன்று, சாவிக்கு ஒரு மதிப்பைச் சேமிக்கும் பொருள்) அடுக்கிவிடுங்கள். அடுத்து மாணவர் பட்டியலைக் கடக்கும்போது அவரவருக்குரியதை நேரடியாகக் கேட்டு எடுக்கலாம். 5,400 உம் 600 உம் சேர்ந்து 6,000 படிகள், அவ்வளவே. ஒரு பட்டியலில் ஒன்று இருக்கிறதா என்று மட்டும் அறிய வேண்டுமானால், மதிப்புகளை மட்டும் வைத்திருக்கும் செட் என்ற பொருள் போதும். சுற்றுக்குள் இன்க்ளூட்ஸ், ஃபைண்ட், பிஎச்பியில் இன்-அரே போன்றவை எழுதப்பட்டிருந்தால், ஒரே வரியாகத் தோன்றினாலும் அங்கே இரண்டாவது சுற்று ஒன்று ஒளிந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

இஃப்களைப் பொறுத்தவரை, தகுதியானதை உள்ளே உள்ளே அடைத்துக்கொண்டு போகாமல், தகுதியற்றதை முதலிலேயே வெளியேற்றுங்கள். பரீட்சைக்கு வராதவர் என்றால், அடுத்த சுற்றுக்குத் தாவும் கன்டினியூ. புள்ளி இன்னும் பதியப்படவில்லை என்றால் கன்டினியூ. அதன்பின் வரும் வரிகள் எல்லாம் ஒரே மட்டத்தில், மீதமுள்ளோருக்கு மட்டும் உரியவையாக நிற்கும். சுற்றின் உடல் ஒரு திரைக்குள் அடங்காமற்போனால், அதை மாணவரின் சராசரியைக் கணி என்பது போன்ற பெயருடைய தனிச் செயற்கூறாகப் பிரித்துவிடுங்கள். உட்சுற்றிலிருந்து ஒரேயடியாக வெளியேற வேண்டிய தேவையும் அப்போது ஒரு ரிட்டர்னில் தீர்ந்துவிடும்.

கேள்வி: மீன் விலைகளைக் காட்டும் அட்டவணைக்கு 2,000 வரிசைகளைச் சுற்றில் சேர்க்கும்போது கைப்பேசி உலாவி உறைந்துவிடுகிறது. பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுத்தாக வைத்திருக்கும் இன்னர்எச்டிஎம்எல்லோடு கூட்டல்-சமம் (+=) போட்டு ஒவ்வொரு வரிசையாகச் சேர்க்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு: பழைய வரிசைகளை நீக்கும் சுற்று ஒன்று விட்டு ஒன்றைத்தான் நீக்குகிறது.
(வாசகர், மூதூர்)

பதில்: அந்தக் கூட்டல்-சமம் புதிய வரிசையை மட்டும் சேர்ப்பதாகத் தோன்றினாலும், உலாவி ஒவ்வொரு முறையும் இருப்பதை எல்லாம் எழுத்தாக மாற்றி, புதியதை ஒட்டி, முழுவதையும் திரும்பப் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறது. முதற் சுற்றில் 1 வரிசை, இரண்டாவதில் 2, கடைசியில் 2,000. மொத்தம் 20 இலட்சத்துக்கும் அதிகமான வரிசைகள் கட்டப்படுகின்றன. முன்பு இணைத்த கிளிக் நிகழ்வுகளும் ஒவ்வொரு தடவையும் அழிந்துபோகின்றன. எல்லா வரிசைகளையும் முதலில் ஓர் அணியில் சேர்த்து ஒரே தடவையில் பக்கத்துக்குக் கொடுங்கள், அல்லது பக்கத்தோடு இன்னும் இணையாத தற்காலிகக் கொள்கலமான டொகியுமென்ட் ஃபிராக்மென்ட் ஒன்றில் உறுப்புகளைக் கட்டி இறுதியில் ஒரு முறை இணையுங்கள். பயனர் தட்டச்சு செய்த சொற்கள் அந்த வரிசைகளில் வருமானால், உறுப்புகளைக் கட்டி டெக்ஸ்ட்கொன்டென்ட் மூலம் நிரப்பும் வழியே பாதுகாப்பானது.

இதனோடு இணைந்த ஒரு நுட்பத்தை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இது பலரது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. சுற்றுக்குள் ஓர் உறுப்பின் உயரத்தைப் படித்து, உடனே அதன் அமைப்பை மாற்றி, அடுத்த உறுப்பின் உயரத்தைப் படித்தால், ஒவ்வொரு வாசிப்புக்கும் உலாவி பக்கத்தின் தளக்கோலத்தைப் புதிதாகக் கணிக்க நேர்கிறது. சரியான உயரத்தைச் சொல்ல அதற்கு வேறு வழியில்லை. இங்கே ஒரு சுற்றை இரண்டாகப் பிரிப்பதே வேகமானது: முதற் சுற்றில் எல்லா உயரங்களையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதில் எல்லா மாற்றங்களையும் எழுதுங்கள். செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சட்டத்துக்கு (திரையை ஒரு முறை வரைவதற்கு) கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன்தான் என்பதை நினைத்தால், இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

நீக்கும் சிக்கலுக்குக் காரணம், கெட்-எலிமென்ட்ஸ்-பை-கிளாஸ்-நேம் தருவது உயிருள்ள தொகுப்பு, அதாவது பக்கம் மாறும்போது தானும் மாறும் தொகுப்பு, என்பதே. முதலாவதை நீக்கியவுடன் இரண்டாவது அதன் இடத்துக்கு வந்துவிடும். உங்கள் எண்ணோ அடுத்ததற்குப் போய்விடும். பின்னிருந்து முன்னாகச் சுற்றுங்கள், அல்லது மாறாத பட்டியலைத் தரும் குவெரி-செலெக்டர்-ஓலைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பிஎச்பியில் 10, 20, 30 இருந்த அணி, இரண்டு ஃபோரீச் சுற்றுகளுக்குப் பிறகு 10, 20, 20 ஆகிவிட்டது. இரண்டாவது சுற்றில் நான் எதையும் மாற்றவில்லை.
(வாசகர், தம்பலகாமம்)

பதில்: முதற் சுற்றில் மாறியின் முன் அம்பர்சண்ட் (&) குறி போட்டிருப்பீர்கள். அந்த மாறி, சுற்று முடிந்த பின்னும் கடைசி உறுப்போடு பிணைந்தே இருக்கும். அதே பெயரை இரண்டாவது சுற்றில் பயன்படுத்தியதால், ஒவ்வொரு மதிப்பும் வரிசையாகக் கடைசி உறுப்பின் மேல் எழுதப்பட்டு, இறுதியில் 20 தங்கிவிட்டது. முதற் சுற்று முடிந்ததும் அன்செட் செய்யுங்கள். அதைவிட நல்லது, அந்தக் குறியையே தவிர்த்து, சாவியைக் கொண்டு உறுப்பை மாற்றுவது.

கேள்வி: நீர் திறக்கும் திகதியை விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் தளம் ஒன்றைச் செய்கிறோம். ஃபோர்ஈச்சுக்குள், ஒரு வேலை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் போட்டிருந்தும், எல்லாம் அனுப்பப்பட்டது என்ற அறிவிப்பு முதலிலேயே வந்துவிடுகிறது.
(வாசகர், கந்தளாய்)

பதில்: ஃபோர்ஈச் யாருக்காகவும் காத்திருக்காது. அதற்குள் நீங்கள் கொடுத்த செயற்கூறு திருப்பித் தரும் பிரொமிஸை (பின்னர் முடியப்போகும் வேலையைக் குறிக்கும் பொருளை) அது பார்ப்பதே இல்லை. பட்டியலில் 200 பேர் என்றால், 200 அனுப்பல்களையும் தொடக்கிவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விடும். ஃபோர்-ஒஃப்புக்கு மாற்றி உள்ளே அவெய்ட் எழுதினால், ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும், அறிவிப்பும் சரியான நேரத்தில் வரும். ஆனால் ஒன்றுக்கு 300 மில்லிசெக்கன் என்றால் 200 செய்திக்கு 60 செக்கன் ஆகும்.

ஒன்றையொன்று சாராத வேலைகளை ஒன்றாகத் தொடங்கிக் காத்திருக்க பிரொமிஸ் ஓல் உண்டு. எனினும் ஒன்று தவறினால் அது முழுவதையும் தவறியதாகவே அறிவிக்கும். உங்கள் தேவைக்கு, 2020 இன் தரநிலையில் சேர்ந்த ஓல்-செட்டில்ட் பொருத்தமானது. ஒவ்வொன்றின் முடிவையும் தனித்தனியே அது தரும். 200 ஐயும் ஒரே கணத்தில் அனுப்பினால் குறுஞ்செய்திச் சேவையகம் மறுக்கக்கூடும் என்பதால், பட்டியலைப் பத்துப் பத்தாகப் பிரித்து, வெளியே ஃபோர்-ஒஃப் சுற்றும், உள்ளே ஒவ்வொரு பத்துக்கும் ஓல்-செட்டில்டுமாக எழுதுங்கள். 300 மில்லிசெக்கன் வீதம் 20 தொகுதிகளுக்கு ஏறத்தாழ 6 செக்கன் போதும். தவறிய இலக்கங்களை ஒரு தனி அணியில் சேர்த்துக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் மீண்டும் அனுப்புங்கள். முழுச் சுற்றையும் திரும்ப ஓட்டினால் செய்தி கிடைத்தவர்களுக்கே மறுபடியும் போகும்.